நானூறில் ஒரு பங்கு

தபால் கந்தோரில் மூன்று தரம் கேட்டார்கள்,
விளையாட்டுச் சாமானா என்று.
மூன்று தரமும் இல்லையென்றார் மரியநாயகம்.
ஓமென்றிருந்தால் தீர்வை குறைந்திருக்கும்.

வார்ப்பு உலோகம். ஒரு சாணுக்கும் குறைவு.
உள்ளங்கையில் வைத்தால்
கிணற்றுத் தண்ணீர்போல் ஒரு குளிர்.
என்ஜின் மூன்று, மூன்றாவது வாலடியில்.
வாலில் மயில்.

இவர் ஒருநாளும் பிளேன் ஏறாத மனிசன்.
மா ஆலையில் முப்பது வருசம் மோட்டார் திருத்தியவர்.
சீனன்குடாவில் இறங்கும் சின்னப் பிளேன்களை
சத்தத்தை வைத்தே பேர் சொல்லுவார்.
இது எந்த வருசம் செய்தது, எத்தனை யன்னல்,
எந்தப் பாலைவனத்தில் நிறுத்தி
இறக்கையைக் கழற்றி விற்றார்கள்,
எல்லாம் பாடம்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு யன்னல்.

உப்புக்காற்று உலோகத்தைத் தின்னுமாம்.
டச்சுக்குடாவுக்கும் எங்களுக்கும் இடையில்
மூன்று வளவுதான்.
ஆகவே கண்ணாடிப் பெட்டி.
சப்பாத்து வாங்கும்போது வருகிற,
தின்ன வேண்டாம் என்று எழுதின சின்னப் பைகள்.
அதுவும் காணாதென்று
என் குறுணல் அரிசியில் ஒரு சுண்டு
சீலைத்துண்டில் முடிந்து.

"நானூறில் ஒரு பங்கு, எமல்டா.
உண்மையை நானூறால் வகுத்தால் இது."

நான் ஐந்தடி.
முடிச்சை அவிழ்த்து
ஒரு குறுணலை நகத்தில் வைத்துப் பார்த்தேன்.
இருபத்தாறு வயது நான்.
ஹபறணையில் பஸ்ஸை மறித்து
பையைக் கொட்டச் சொன்னபோது
றோட்டில் உருண்ட பவுடர் டின்
இந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை.
மீன் வெட்டும்போதும் வகுத்தேன்.
தம்மாமில் இரண்டு வருசம்:
இரண்டு நாள்கூட வராது.
நான் கூட்டித் துடைத்த பதினாறு அறை வீடு:
ஒரு நெருப்புப்பெட்டி.
முதல் மாதச் சம்பளம்:
ஒரு பிளேன்டீ, சீனி இல்லாமல்.
பஸ் நிலையத்தில்
பதினாலு மாதப் பிள்ளை என் கழுத்தை விடாமல் அழுததையும்
வகுத்துப் பார்த்தேன்.
மீதி வந்தது.

நேற்று பூதக்கண்ணாடியோடு இருந்தவர்
"ஐயோ" என்றார்.
இடப்பக்கம், இறக்கைக்குப் பின்னால்,
ஒரு யன்னல் அச்சாகவில்லை.
வெறும் வெள்ளை.
பெறுமதி பாதியாகப் போச்சாம்.
திருப்பி அனுப்பினால் வேறு தருவார்களாம்.

கையைக் கழுவி வந்து எண்ணினேன்.
என்னுடைய யன்னல் இல்லை அது.
இரண்டு முன்னால்.

அதில் இருந்தது மூதூர்ப் பிள்ளை, றிபாயா.
வயதைக் கூட்டி எழுதின பாஸ்போட்.
ஏறினவுடன் யன்னல் மூடியை இழுத்துவிட்டவள்
கடைசிவரை திறக்கவில்லை.
"அக்கா, தரை வந்தாச் சொல்லுங்கோ."
சொன்னேன்.
வெளியில் வந்ததும் பேர் கூப்பிட்டு
ஆளுக்கொரு வாகனத்தில் ஏற்றினார்கள்.
அவள் போன வாகனம் வெள்ளையா சாம்பலா என்று
இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.
திரும்பி வந்த பிறகு
மூதூர் லோஞ்சில் ஏறி
இரண்டு தரம் விசாரித்தேன்.
மூன்றாம் தரம் போகவில்லை.

இவரிடம் சொன்னது இவ்வளவுதான்:
"பிழையில்லை. மூடியிருக்குது."
"மூடி அச்சடிக்கிறேல்ல எமல்டா" என்றவர்
கடிதம் எழுத இருந்தார்.

இரவு, அது வந்த அட்டைப்பெட்டியை
கேற்றடியில் கொண்டுபோய் வைத்தேன்.
விடியக் கோட்டைப்பக்கத்து மான்கள் மூன்று
முத்திரையோடு சேர்த்துச் சப்பிக்கொண்டு நின்றன.
ஒரு குட்டி, வாலில் மயில் போட்ட பக்கத்தை
ஆறுதலாக.

வந்த பெட்டி இல்லாமல்
திருப்பி எடுக்கமாட்டார்களாம்.
இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
மானை விரட்டுகிறார்.
நான் அரிசியை முடிந்து
திரும்ப உள்ளே வைக்கிறேன்.
ஒரு குறுணல் கூட.